போகாத ஊரின் குழாய்

போகாத ஊரில் ஏச்சு வாங்கிய ஒரே மனிதன் இந்த உலகத்திலேயே நான்தான். பாலைவன ஊரைச் சுற்றிப்பார்க்க இரண்டு நாளுக்கு அறை கேட்டு, விடுதிக்குப் போன் செய்தேன்.

"மறுபடியும் நீங்களா? போன தடவை குழாயை மூடாம போய், எங்க தொட்டியே காலி! உங்களுக்கு ரூம் கிடையாது" என்று மேலாளர் சீறினார்.

"அந்தப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லய்யா!" நான் போட்ட கூச்சல் எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும்.

"உங்க வீட்டம்மாவோட ஒத்தச் செருப்பு இங்கதான் கிடக்கு" என்றார் மேலாளர்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "யாரையோ நினைச்சுப் பேசுறாரு. அதுக்குப்போய் குதிக்கிறீங்களே!" பயணத்துக்கென்று வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்த செருப்புப் பெட்டியை எனக்குக் காட்டத் திறந்தாள்.

உள்ளே ஒற்றைச் செருப்புதான் இருந்தது. அதன் அடி தேய்ந்திருந்தது. கவிழ்த்ததும் மணல் கொட்டியது. தொட்டால் இன்னும் சுட்டது.

"போயிட்டுதாங்க வந்திருக்கோம்" என்றாள். "ஆனா குழாயைத் திறந்து விட்டது நீங்கதான்."