மலரின் ஒற்றைச் செருப்பு

துறைமுகத் தண்ணீரில் பட்ட பின்னேர வெயில் வார்டின் கூரையில் நெளிந்துகொண்டிருக்கிறது. மூளையைச் சுற்றியோடும் நீர் வடியாமல் தேங்கித்தான் முதியவர் பேணாட்டின் நடையையும் நினைவையும் கெடுத்தது என்கிறார்கள். காலையில் முதுகின் அடியில், நாரியில் ஊசி போட்டு அந்த நீரைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள். நடை தெளிந்தால் ஒப்பரேஷன் செய்யலாம். "கையை விடுங்கோ, ஐயா தனிய வரட்டும்" என்கிறாள் நர்ஸ். அவர் மனைவி மரியமலர் கையை விடுகிறாள். ஆனால் பழக்கத்தில் தன் செருப்பொன்றைக் கழற்றி அவர் பாதத்துக்கு முன்னால் போடுகிறாள். அதைத் தாண்டத்தான் நிலத்தோடு ஒட்டிய அந்தக் கால் எழும்பும். குசினிக்கும் கோயிலுக்கும் இத்தனை நாளும் அப்படித்தான் கூட்டிப்போனாள். இன்று செருப்பைப் பார்க்காமலே கால் தானாக எழும்புகிறது. வள்ளத்தில் நிற்கிறவர்போல நிமிர்ந்து யன்னல்வரை நடக்கிறார். தூரத்தில் கப்பலொன்று ஊதுகிறது. திரும்பி வந்தவர் குனிந்து செருப்பை எடுத்து, தூசி தட்டி, அவளிடம் மரியாதையாக நீட்டுகிறார்.

"இந்தாங்கோ அக்கா, உங்கட செருப்பு விழுந்து கிடக்கு."

"நல்லா நடக்கிறார், என்ன?" என்கிறாள் நர்ஸ் சந்தோஷமாக.

"ஓம், நல்லா நடக்கிறார்" என்கிறாள் மரியமலர். வாங்கிய செருப்பு இன்னும் அவள் கையிலேயே இருக்கிறது.