முந்திப் பூத்த கிளை

மரம் முழுக்க மொட்டு. ஒரு கிளை மட்டும் பூத்திருந்தது.

தோட்டத்தைச் சோதிக்க மாஸ்கோவிலிருந்து வந்த அதிகாரி அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

அந்தக் கூட்டுப்பண்ணைத் தோட்டத்தில் அந்த வரிசை மரங்கள் குல்சுமின் பொறுப்பு. நேற்று மாலைவரை அந்தக் கிளையிலும் மொட்டுதான். இரவில் மலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று இறங்கியிருந்தது.

மரம் அபோர்ட் ரக ஆப்பிள். கிளை யெர்மெக்கின் மரத்தினுடையது.

தோட்டத்து ஆராய்ச்சியாளர் யெர்மெக் மலைக்காட்டு ஆப்பிளை அபோர்ட்டோடு கலந்து ஒரு புது மரம் வளர்த்தவர். உலகத்து ஆப்பிள்களெல்லாம் இந்த மலையிலிருந்து போனவை என்பார். அவருடைய ஆராய்ச்சி மக்கள் விரோதம் என்று மேலே முடிவாயிற்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவரைக் கொண்டுபோனார்கள். மரத்தைக் குச்சிகூட மிஞ்சாமல் எரிக்கச் சொன்னார்கள்.

யாரும் கேட்குமுன் கோடரியை எடுத்தவர் மேஸ்திரி ஒராஸ்.

நெருப்புக்குக் காத்திருந்த குவியலிலிருந்து குல்சும் ஒரு குச்சியைப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டாள். நிலவறை மணலில் புதைத்துவைத்து, பனி உருகியதும் தன் வரிசையில் ஒரு மரத்தில் ஒட்டுக்கட்டினாள். கணவனிடமும் சொல்லவில்லை. ஒராஸ் அந்தப் பக்கம் வந்தாலே வேறு மரத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

காய்த்தால்தான் வெளியே தெரியும் என்று நினைத்திருந்தாள். காட்டு ரத்தம் முந்திப் பூக்கும் என்பதை மறந்துபோனாள்.

"இது மட்டும் ஏன் இப்படி?" என்றார் அதிகாரி.



பின்னாலிருந்து ஒராஸ் சிரித்தார். "எல்லா வீட்லயும் ஒண்ணு அவசரக்குடுக்கையா பொறக்குமே, தோழர்! காலை வெயில் நேரா இதும்மேலதான் விழுது."

ஒராஸுக்கு ஒட்டு விஷயம் தெரிந்திருக்கிறது. குல்சுமுக்குப் பயம் இன்னும் கூடியது. காப்பாற்றியதற்குப் பதிலாக என்ன கேட்பாரோ.

அதிகாரி தலையசைத்துவிட்டு மேட்டின்மேல் ஏறினார். இருவரும் பின்னால் போனார்கள். அங்கிருந்து தோட்டம் முழுவதும் தெரியும்.

அதிகாரி நின்றுவிட்டார்.

சரிவெங்கும் மொட்டுவிட்ட மரங்கள். ரஹிமாவின் வரிசையில் ஒரு வெள்ளைக் கிளை. யாரோடும் பேசாத தாவ்லெத்தின் வரிசையில் ஒன்று. அதற்கும் கீழே ஒன்று.

கடைசி வரிசை ஒராஸினுடையது. அதில் மரத்துக்கொரு கிளை பூத்திருந்தது.

குல்சும் திரும்பினாள். ஒராஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

அதிகாரி கடைசி வரிசையை நோக்கிக் கை நீட்டினார்.

"அங்கயும் நல்ல வெயில், தோழர்" என்றாள் குல்சும்.

அந்த வரிசை முழுவதும் மலையின் நிழலில் இருந்தது.