நாற்பது வாய்

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் ‘தற்செயல்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். தூ!

நான்கு நாள் காய்ச்சலில் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்ட என் மனைவி ரோசா, இன்று காலையில் சங்கரா மீன் குழம்பு கேட்டாள். நெல்லித்தோப்பு மீன் அங்காடிக்குப் போனேன். மீன்காரி பார்வதியின் கூடையில் நாற்பது சங்கரா இருக்கும். நான் குனிந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. உள்ளே வெள்ளையாக, கொழகொழவென்று இருந்தது. பிறகு ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

“செத்த மீன்தானம்மா இது?”

“விடிகாலையே செத்துப்போச்சு, பெரியவரே. ஐஸ் உருகுதுல்ல, தற்செயலா தொறந்திருக்கும். மீனு வாங்க வந்தீங்களா, பல்லு பாக்க வந்தீங்களா?”

“ஒண்ணு தொறந்தா தற்செயல். நாப்பதும் ஒண்ணா தொறந்தா?”

“அது பெரிய தற்செயல்.”

சிரித்துக்கொண்டே எனக்காக இரண்டு மீனை அரிந்து, தலைகளைக் கழிவு வாளியில் போட்டாள். கூடை மீன்கள் மறுபடி வாயைத் திறந்தன. ஐஸே இல்லாத வாளியில் கிடந்த இரண்டு தலைகளும் அதே நேரத்தில் திறந்தன.

ரோசா வேறெதையும் தொடமாட்டாள். இருந்தாலும் அரிந்த மீனை அங்கேயே விட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பி நடந்தேன்.

ஐஸாம், தற்செயலாம்!