சூடு ஆறாத பழம்

அந்த மலைக்குளிரில் முலாம்பழம் காய்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் கணவன் அருளப்பன் கடைசியாகத் தின்ற துண்டிலிருந்து துப்பிய விதைகளை ஜெசிந்தா உள்ளங்கையில் வாங்கி, சாம்பலில் புரட்டி வைத்திருந்தாள். கோடை வந்ததும் அவற்றை ஈரத்துணியில் முடிந்து, முளைவிடும்வரை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள். ஒரே ஒரு விதை முளைத்தது, ஒரே ஒரு காய் பிடித்தது. உறைபனி இறங்கத் தொடங்கியபோது அதற்கு அருளப்பனின் ஸ்வெட்டரைப் போர்த்தினாள். சுற்றியிருந்த புல்லெல்லாம் பனியில் கருகியது. பழம் பழுத்து, தானாகவே காம்பை விட்டது.

மூன்று நாளாக அது ஸ்வெட்டரோடு அடுக்களை மேடையில் இருக்கிறது. கொழுந்தன் செலஸ்டின் கத்தியோடு வந்தான்.

“அறுத்தாத்தானே மதினி, அடுத்த வருசத்துக்கு விதை எடுக்கலாம்?”

“தொட்டுப் பாருங்க தம்பி.”

தொட்டான். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

“அடக்கத்தன்னைக்கும் அவரு இப்படித்தான் சூடா இருந்தாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்காம பெட்டிய மூடிட்டீங்க. இது ஆறட்டும், அப்புறம் அறுக்கலாம்.”

செலஸ்டின் கத்தியைக் கீழே வைத்தான். ஸ்வெட்டரின் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. அதை அவனே போட்டுவிட்டான்.