கீழே ஒரு பாத்ரூம்

"பேஸ்மென்ட்ல இருக்கிற சாமானையெல்லாம் ஒதுக்கி வை. நாளைக்குத் தரையை உடைக்க ஆள் வராங்க."

அவர் சொன்னதும் அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

"எதுக்குங்க?"

"பாத்ரூம் கட்டப் போறேன்."

"அது அவன் ரூமுங்க!"

"தெரியும்."

அதோடு பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை முற்றி, மகன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் பேச்சையே எடுக்கக் கூடாது. எப்போதாவது அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணுவான்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"எப்படா வருவே?"

இந்தக் கேள்வி வந்தால் மட்டும் அவனுக்கு அவசர வேலை வந்துவிடும். போனை வைத்துவிட்டு அவள் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போவாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்பை மாற்றிவிட்டு வருவாள்.

பக்கத்து வீட்டுக்காரி வேறு தூபம் போட்டாள். "பேஸ்மென்டுக்குத்தான் பின்பக்கம் ஏற்கெனவே தனி வாசல் இருக்கே. பாத்ரூமும் வந்துட்டா ஜம்முன்னு வாடகைக்கு விடலாம். உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான் போங்க!"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். என் பிள்ளை படுத்த இடத்தில் எவனோ ஒருத்தனா?

மறுநாள் தரையை உடைத்துப் பள்ளம் வெட்டினார்கள். பிளம்பர் சரிவு பார்த்துக் கழிவுக் குழாயைப் படுக்க வைத்தார். பிறகு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"சார், தண்ணி போக வழி விட்டா மட்டும் ஆகாது, காத்துக்கும் வழி விடணும். இல்லேன்னா ஃப்ளஷ் பண்ணும்போது நாத்தத்தைத் தடுக்க வளைவுக் குழாயில நிக்கிற தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிடும். அப்புறம் வீடு பூரா சாக்கடை நாத்தம்தான்."

"சரி, காத்துக் குழாய் போட்டுடுங்க."

"அது கூரைக்கு மேல வரைக்கும் போகணும் சார். உங்க பெட்ரூம் வழியாத்தான் ஏறும். அங்கே இருக்கிற அலமாரியைப் பெயர்த்தாகணும்."

அவர் பார்த்துப் பார்த்துச் செய்த அலமாரி. அதில் ஒரு கீறல் விழுந்தால்கூட வீட்டை ரெண்டாக்கிவிடுவார்.

"பெயர்த்துடுங்க."

அவளுக்குப் பொறுக்கவில்லை. பிளம்பர் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"எவனோ முகம் தெரியாதவனுக்காக அலமாரியைப் பெயர்க்க மனசு வருது. பெத்த பிள்ளையை 'வாடா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட மட்டும் வாய் வரல, இல்ல?"

அவர் கீழே சிதறிக் கிடந்த சிமெண்ட் துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

பிளம்பருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றினார்.

"ஷவரை எந்த உயரத்துல வைக்கட்டும் சார்? உங்க உயரத்துக்கு இங்கே வச்சா போதுமில்ல?"

"போதாது."

பிளம்பர் காதில் செருகியிருந்த பென்சிலை அவர் வாங்கிக்கொண்டார். தலைக்கு மேலே கையைத் தூக்கினார். அப்படியும் திருப்தியில்லை. குதிகாலை உயர்த்தி, எட்டின மட்டும் எட்டிச் சுவரில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கே வைங்க. குனிஞ்சு குனிஞ்சு குளிச்சா அவனுக்கு முதுகு..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். அவ்வளவு உயரம் அவர்கள் குடும்பத்தில் ஒருத்தன்தான்.

"என்னங்க... வரேன்னு சொன்னானா?"

"இல்ல."

"அப்படியே வந்தாலும் மேலதான் பாத்ரூம் இருக்கே. எப்பவும் அங்கேதானே குளிப்பான்?"

"மேல வந்தா நான் இருப்பேனே" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "இனிமே என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதானே சொல்லிட்டுப் போனான்? வீட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லலியே!"