மூன்றாவது பொட்டு

காலை ஆறு மணிக்குத் தாராவிக் குழாயில் தண்ணீர் வந்ததும், பேச்சித்தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் வாசலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுவாள். ஒரு வாரமாகச் சோப்பு தேய்க்கும்போது கைக்கு மூன்று தலைகள் தட்டுப்பட்டன. கண்ணுக்கு இரண்டுதான் தெரிந்தன. தண்ணீர் நிற்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று மூன்றையும் தேய்த்துவிட்டாள்.

இன்று ரூம் சொந்தக்காரர் வானமாமலை வந்து நின்றார்.

"ரெண்டு பிள்ளைன்னுதானே ரூம் குடுத்தேன்? நடுவுல இருக்குறது யாரு? அத எங்கயாவது அனுப்பு, இல்லேன்னா எல்லாரும் காலி பண்ணுங்க."

பேச்சித்தாய் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடந்தது.

"மூணும் என் பிள்ளைதான் அண்ணாச்சி. யாரையும் அனுப்ப மாட்டேன், ரூமையும் விட மாட்டேன். செய்யறதச் செய்யுங்க."

"வாயப் பாரு!" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கண்ணேறு படாமலிருக்க இருவர் கன்னத்திலும் மைப்பொட்டு வைத்தாள். பிறகு நடுவிலிருந்த வெற்றிடத்தின் பக்கம் குனிந்தாள்.

"அந்த ஆளு கண்ணு உன்மேலதான் பட்டிருக்கு. அசையாம இரு."

கன்னம் இருக்க வேண்டிய உயரத்தில் விரலை வைத்து எடுத்தாள். மை அங்கேயே நின்றது.