கிள்ளான் ரோட்டுச் சோம்பேறிகள்

நாகையா வெட்டி மேலே போட்ட மண்ணைத் தம்புசாமி காலால் தள்ளித் திரும்பவும் கால்வாய்க்குள்ளேயே விட்டான். தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வெற்றிலையை மடித்தான்.

"அண்ணே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" குழிக்குள் இருந்து நாகையா கத்தினான்.

"தெரியாம பட்டுருச்சுப்பா. இன்னொரு தடவ வெட்டு. மண்ணு எங்க ஓடிப்போவுது?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். மண்வெட்டியை ஊன்றி, அதன் மேல் மோவாயை வைத்துக்கொண்டு நிற்பதுதான் ஒரு மாதமாக அவர்கள் செய்துவந்த வேலை.

மலாயாவின் கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யார் எவ்வளவு வெட்டினார்கள் என்று தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே வேலை, நல்லதோ கெட்டதோ ஒரே பேர்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நால்வரோடு தன்னையும் சேர்த்துச் சோம்பேறி என்று விரட்டிவிட்டால்?

கப்பல் என்றதும் நாகையாவுக்கு அந்தப் பயணம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே வரும்போது நடுக்கடலில் பிறந்த முதல் பிள்ளை, கரையைப் பார்க்காமலே போய்விட்டது. துணியில் சுற்றித் தண்ணீரில் விட்டார்கள். அவன் மனைவி நல்லம்மாள் அதன் பிறகு பல நாள் வாயே திறக்கவில்லை. இப்போது அவளுக்கு மறுபடியும் நிறைமாதம்.

அதனால்தான் ஐந்து பேர் வேலையையும் அவன் தன் தோளில் போட்டுக்கொண்டான். கை கொப்புளித்து உடைந்து, அதன் மேலேயே காய்த்தது. விட்டுப்போக வேறு வேலை இல்லை. இருந்து செய்ய இவர்கள் விடவில்லை. அவன் வெட்ட வெட்டக் குழி ஆழமானதே தவிர, நீளவில்லை.

மத்தியானம் நல்லம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். தம்புசாமி எழுந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த நிழலை அவளுக்கு விட்டான்.

"இன்னும் எத்தன நாளும்மா ஆவும்? மருத்துவச்சி என்னா சொல்றாங்க?"

"பதினஞ்சு நாளாவது ஆவுமாம்ண்ணே."

தம்புசாமி மற்ற மூவரையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். நேரத்தைப் போக்க இவர்களுக்கு இதுவும் ஒரு வழி என்று நாகையா பல்லைக் கடித்தான்.

சாயங்காலம் ஓவர்சியர் சண்முகரத்தினம் சைக்கிளில் வந்து கால்வாயை எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பேர். நாகையா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"ஐயா, இவங்கள நீங்க ஒரு வார்த்த கேக்கக்கூடாதுங்களா?"

"மழைக்கால மண், அவசரப்பட்டால் சரியும். ஆறுதலா, மெல்ல மெல்லச் செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஓவர்சியரும் உடந்தை.

மறுநாள் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் கார் அந்த வழியே வந்தபோது, அவன் ஓடிப்போய் நடுரோட்டில் நின்றான். "துவான்! இத்து ஓராங் மாலாஸ்!" தனக்குத் தெரிந்த மலாயில், சோம்பேறிகள் என்று நால்வரையும் சுட்டிக் காட்டினான். துரை இறங்கிவந்து கால்வாய் நெடுக நடந்து பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

அதற்கடுத்த நாளே லோரியில் இன்னும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். துரையே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்புசாமி குனிந்து வெட்டினான். நாகையாவைவிட வேகமாக வெட்டினான். உடம்பில் இவ்வளவு தெம்பை வைத்துக்கொண்டா இத்தனை நாள் நின்றான் என்று நாகையாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் கால்வாய் முடிந்தது. தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக நாகையா நிமிர்ந்து நின்று மூச்சு விட்டான்.

சண்முகரத்தினம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"இனி இங்க உங்களுக்கு வேலை இல்லை. அஞ்சு பேரும் குடும்பத்தோட புதன்கிழமைக் கப்பல்."

நாகையா மண்வெட்டியைக் கீழே போட்டான். "ஐயா, நான் வேல செஞ்சவனாச்சே! நான்தானே துரைகிட்ட சொன்னேன்?"

"செய்தவன், செய்யாதவன் எண்டு கணக்கில்லை, நாகையா. இந்தக் கால்வாய் முடிஞ்ச உடன உங்களை அனுப்புறது எண்டு துரை முந்தியே முடிவெடுத்திட்டார். இவங்களுக்கு அது தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

தம்புசாமிதான் பதில் சொன்னான். அவன் குரலில் கோபமே இல்லை. "உன் காதுல விழுந்தா நல்லம்மா காதுலயும் விழும். கப்பல்னு கேட்டாலே அதுக்கு உடம்பு நடுங்குமேப்பா."

நாகையா ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் நல்லம்மாள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி, நின்று நின்று வந்துகொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ளையாவது தரையில பொறக்கட்டும்னுதாண்டா வேலைய இழுத்தோம்."